இடது முழங்கையின் உள்பக்கம்

நான்கு நாளாய்ப் பனி.
சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று
கல்லூரிச் சன்னலில் முக்கால்வாசியை வெள்ளையடித்துவிட்டது.
முன்பு இது செருப்புக்கடை.
விலைச்சீட்டுப் பிசின் இன்னும் அலமாரித் தட்டுகளில்.
அதன்மேல்தான் அடுக்கியிருக்கிறார்கள்
எங்கள் ரப்பர் கைகளை,
உள்ளங்கை மேல்நோக்கி,
எதையோ கேட்பதுபோல.

ஆகஸ்டில் ஒரு மடிப்புத்தாள் தந்தார்கள்.
மூச்சுச் சிகிச்சை, இரண்டு வருடம்.
எக்ஸ்ரே, இரண்டு வருடம், அதற்குமுன் காத்திருப்போர் பட்டியல்.
பல் துலக்கிவிடும் படிப்புக்கு
வேதியியல் கேட்டார்கள்;
எனக்கும் வேதியியலுக்கும் பள்ளியிலேயே பேச்சு நின்றுவிட்டது.
கடைசி மடிப்பில், சின்ன எழுத்தில்:
ரத்தம் எடுப்பவர். பதினாறு வாரம்.
மாலை ஐந்தரை முதல் எட்டே முக்கால்.

உள்ளிருந்து ஒரு குரல் அழைத்தது என்பார்கள் சிலர்.
என்னை அழைத்தது கடிகாரம்.
பெட்ரோல் பங்கில் என் முறை ஒன்பதரைக்கு.
நடுவே பதினொரு மைல்,
ஒரு சாண்ட்விச்.
சரியாகப் பொருந்தியது.

கட்டணம் மூன்று தவணை.
ஆசிரியை டெல்ஃபினுக்கு இருபத்தெட்டு வயது,
என் மூத்தவளுக்கு ஒரு வயது இளையவள்.
என்னை 'மிஸஸ் ஹைக்கினன்' என்று அழைக்கும்போதெல்லாம்
மாமியார் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல்.
குழாய் மூடிகளின் வரிசை இது, மாறக் கூடாது.
சிகரெட் பெட்டிகளை அடுக்கும்போதும் முணுமுணுக்கிறேன்.
லாட்டரிச் சீட்டு வாங்க வந்தவர்
அதை அதிர்ஷ்ட எண் என்று நினைத்து
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

ரப்பர் கைக்கு நாளம் எப்போதும் அதே இடத்தில்.
அதற்கு வேர்க்காது.
தன் பிள்ளையைப் பற்றிப் பேசாது.
அதன் ரத்தம் பீட்ரூட் தண்ணீர் நிறம்.

ஏழாவது வாரம்
ஒருவர் கையை ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு வாய்த்தவர் ஆர்வோ.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
குளிர்காலம் வருடா வருடம் சுருங்குகிறது,
ரத்தம் சுருங்காது என்று
கணக்குப் போட்டு வந்து சேர்ந்தவர்.
விறகுக்கட்டை போன்ற முன்கையில்
பச்சை மையில் ஒரு டிரவுட் மீன்.
பட்டையை இறுக்கினேன்.
மீன் லேசாகப் புடைத்தது.

பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.
ரோமம், மச்சம், பழைய தழும்பு.
கண்ணை மூடிக்கொண்டேன்.
காலை நாலரைக்கு, விளக்கு எரியாத பங்கின் பின்வாசலில்,
விறைத்த விரலால் சாவித்துளை தேடுவேனே,
அப்படி.
அங்கே இருந்தது.
அழுத்தினால் தள்ளியது,
விட்டால் எழும்பியது,
தூங்குகிறவன் போர்வைக்குள் புரள்வதுபோல.

"குத்தப்போகிறேன்" என்றேன்.
"சீக்கிரம்" என்றார், சுவரைப் பார்த்தபடி.

குழாய்க்குள் வந்தது சிவப்பு அல்ல,
ஏறக்குறைய கறுப்பு.
சூடு கண்ணாடி தாண்டி என் விரலுக்கு வந்தது.
முதலில் பட்டை, பிறகு ஊசி;
மாற்றி எடுத்தால் சட்டை நாசம்.
ஒழுங்காக எடுத்தேன். பஞ்சு வைத்தேன்.
பெயர், தேதி, நேரம் எழுதினேன்.
ஆர்வோ மயங்கவில்லை.

நான் மயங்கினேன்.

ஆரஞ்சுச் சாறு குடித்து எழுந்தபின் அவர் முறை.
இரண்டு தரம் தவறி
மூன்றாவதில் கண்டுபிடித்தார்.
மன்னிப்பு மட்டும் ஏழு தரம்.

இப்போது என் முழங்கையின் உள்பக்கம்
நாவல்பழ நிறம்; ஓரத்தில் மஞ்சள் தட்டுகிறது.
நள்ளிரவில் டீசல் போட வந்த லாரிக்காரர்
பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:
"யாரம்மா அடித்தது?"

"கல்லூரி" என்றேன்.

சிரிக்கலாமா என்று தெரியாமல்
மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டினார்,
உள்ளங்கை மேல்நோக்கி.
சட்டைக்கை முழங்கை வரை சுருட்டியிருந்தது.

நேராக, தடிமனாக, கயிறுபோல ஒன்று,
குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

காசை வைத்தேன்.
கையை விடத்தான்
கொஞ்சம் நேரமாகிவிட்டது.